பாசிசம், கம்யூனிசம், சோசலிசம்: ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை வைத்து ஒப்பிடுவது எப்படி?

வகுப்பறையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ இந்த மூன்று பெயர்களும் அடிபடும்போது இரண்டு வாதங்கள் தவறாமல் வரும். ஹிட்லரின் கட்சிப் பெயரிலேயே ‘சோசலிஸ்ட்’ இருக்கிறது, ஆகவே அவரும் இடதுசாரிதான் என்பது ஒன்று. அரசாங்கம் பஸ் ஓட்டுகிறது, ரேஷன் கொடுக்கிறது, ஆகவே நம் ஊரிலும் பாதி கம்யூனிசம் நடக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் பேச வசதியானவை. பரீட்சையில் எழுதினால் மார்க் போகும்.

இது பொருளாதாரம் படிக்காதவர்களுக்கான வழிகாட்டி. கொள்கை விளக்கத்தில் ஆரம்பித்தால் பத்தாவது பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். அதனால் தலைகீழாகப் போவோம். ஒரு நிலக்கரிச் சுரங்கம். அது நாஜி ஜெர்மனியின் ரூர் பகுதியிலும், சோவியத் உக்ரைனின் டொன்பாஸிலும், 1947ஆம் ஆண்டு பிரிட்டனிலும் எப்படி நடந்தது என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகலாம். அப்புறம் அதே கேள்விகளோடு நெய்வேலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வரலாம்.

ஒரு வெள்ளைத் தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு, பாசிசம், கம்யூனிசம், சோசலிசம் என்ற தலைப்புகளில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு வரி எழுதினால் போதும்.

படி 1: பெயர்ப்பலகையை நம்பாதீர்கள்

நாஜிக் கட்சியின் முழுப்பெயர் தேசிய சோசலிஸ்ட் ஜெர்மன் தொழிலாளர் கட்சி. ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே நாட்டின் தொழிற்சங்கங்கள் அத்தனையையும் இழுத்து மூடிய ‘தொழிலாளர் கட்சி’ அது. இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திச் சந்தையைத் திறந்துவிட்டது. மறு ஆண்டே, 1978 அரசமைப்பில், நாட்டின் பெயர் ‘ஜனநாயக சோசலிசக் குடியரசு’ ஆயிற்று. இந்திய அரசமைப்பின் முகப்புரையில் ‘சோசலிச’ என்ற சொல் 42ஆவது திருத்தத்தின் மூலம் 1976இல் சேர்ந்தது. 1991இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகும் அது அங்கேயே இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட எந்த நாடும் ‘இங்கே கம்யூனிசம் வந்துவிட்டது’ என்று அறிவித்ததில்லை. சோவியத் யூனியனின் பெயரில் இருப்பதே சோசலிசம்தான். கம்யூனிசம் என்பது இனிமேல் போய்ச் சேர வேண்டிய ஊர். சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்தில், 1961ஆம் ஆண்டுக் கட்சித் திட்டம், 1980க்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நாள் குறித்தது. போய்ச் சேரவில்லை. ஆகவே ‘கம்யூனிசப் பொருளாதாரம்’ என்று நாம் எழுதும்போது, கம்யூனிஸ்ட் கட்சி தனியொரு கட்சியாக ஆண்ட, மத்தியத் திட்டத்தின்படி நடந்த பொருளாதாரம் என்று பொருள் கொள்ளுங்கள். ‘சோசலிசம்’ என்ற பத்தியில் தேர்தல் வழியே வந்த சோசலிஸ்டுகளை வையுங்கள். பிரிட்டிஷ் தொழிற்கட்சி நல்ல உதாரணம். ‘பாசிசம்’ என்ற பத்தியில் முசோலினியின் இத்தாலியையும் ஹிட்லரின் ஜெர்மனியையும் வையுங்கள்.

படி 2: ஒரு தொழில், ஒரு இடம், ஒரு வருஷம்

‘பாசிசத்தில் தனியார்மயமா, அரசுமயமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. இத்தாலியைப் பாருங்கள். முசோலினி 1922இல் ஆட்சிக்கு வந்தார். முதல் நிதியமைச்சர் தே ஸ்தெஃபானி, அரசிடம் இருந்த ஆயுள் காப்பீட்டு ஏகபோகத்தையும் தொலைபேசிச் சேவையையும் தனியாருக்குத் திறந்துவிட்டார். அதே ஆட்சி 1933இல் ‘இரி’ என்ற தொழில் புனரமைப்பு நிறுவனத்தைத் தொடங்கி, மூழ்கிக்கொண்டிருந்த மூன்று பெரிய வங்கிகளையும் அவற்றின் கையிலிருந்த உருக்கு, கப்பல் கட்டும் கம்பெனிகளின் பங்குகளையும் அரசின் தலையில் ஏற்றிக்கொண்டது. 1924ஐ எடுத்தால் ஒரு பதில், 1934ஐ எடுத்தால் நேர் எதிர்ப் பதில். வருஷம் போடாமல் வாதம் செய்பவரிடம் முதலில் வருஷத்தைக் கேளுங்கள்.

சோவியத் பக்கமும் அப்படித்தான். 1921 முதல் 1928 வரை லெனின் கொண்டுவந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் கீழ் சின்னக் கடைகளும் பட்டறைகளும் தனியாரிடம் இருந்தன. குடியானவர் தானியத்தைச் சந்தையில் விற்றார். நாம் பார்க்கப்போவது அதற்குப் பிந்திய ஐந்தாண்டுத் திட்டக் காலம்.

படி 3: பட்டா யார் பெயரில்?

டொன்பாஸ் சுரங்கத்துக்குப் பதில் எளிது. 1918 ஜூனில் வந்த ஆணை பெருந்தொழில்கள் அனைத்தையும் அரசுடைமை ஆக்கியது. பழைய முதலாளிகளுக்கு நஷ்டஈடாக ஒரு ரூபிள்கூடக் கிடையாது.

பிரிட்டனிலும் அரசுடைமைதான். 1947 ஜனவரி 1 அன்று ஒவ்வொரு சுரங்க வாசலிலும் ஒரு பலகை வைத்தார்கள்: இந்தச் சுரங்கத்தை இனி மக்களின் சார்பில் தேசிய நிலக்கரி வாரியம் நிர்வகிக்கும். ஆனால் முதலாளிகளுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள், அதுவும் கணிசமாக. வாரியத்தின் முதல் தலைவர் ஹிண்ட்லி பிரபு அதுவரை ஒரு தனியார் நிலக்கரிக் கம்பெனியின் நிர்வாக இயக்குநராக இருந்தவர். பலகை மாறியது, மேனேஜர் மாறவில்லை என்று தொழிலாளர்கள் முணுமுணுத்ததில் ஆச்சரியமில்லை.

ரூர் சுரங்கத்துக்கு வந்தால்தான் சிக்கல். பட்டா தனியாரிடமே இருந்தது. பங்குதாரர்கள் இருந்தார்கள், லாபப் பங்கு அவர்களுக்கே போனது. சொல்லப்போனால், பொருளாதார மந்தத்தின்போது அரசின் கைக்கு வந்திருந்த பெரிய வங்கிகளின் பங்குகளை 1936-37இல் நாஜி அரசு தனியாருக்கே திருப்பி விற்றது. ‘நாஜிகள் எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கினார்கள்’ என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆனால் அந்தப் பட்டாவின் பலம் என்ன? மூன்று பேரின் கதையைப் பாருங்கள். விமானத் தொழிலதிபர் ஹூகோ யுங்கர்ஸ் நாஜிகளுக்கு ஒத்துவரவில்லை. 1933இல் மிரட்டியே காப்புரிமைகளையும் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளையும் எழுதி வாங்கினார்கள். உருக்கு அதிபர் ஃப்ரிட்ஸ் தைசன் ஹிட்லருக்குப் பணம் கொடுத்து வளர்த்தவர். போரை எதிர்த்து 1939இல் நாட்டைவிட்டு ஓடியதும் அவர் சொத்து முழுவதும் பறிமுதல். மூன்றாவது ஆளுக்குப் பெயர் வேண்டாம். அவர் யூத வணிகர். கடை, ஆலை, வீடு எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்க வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். ஜெர்மனியில் சொத்துரிமை இருந்தது, ஆட்சிக்கு வேண்டியவராக இருக்கும்வரை. தாளில் ‘தனியார்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள்.

படி 4: எவ்வளவு வெட்டுவது என்று யார் சொல்வது?

என்னைக் கேட்டால் மொத்த ஒப்பீட்டிலும் சுவையான கேள்வி இதுதான். நிதானமாகப் போவோம்.

மாஸ்கோவில் கோஸ்பிளான் என்ற திட்டக் குழு. இத்தனை டன் உருக்கு வேண்டும், அதற்கு இத்தனை டன் நிலக்கரி, அதை ஏற்ற இத்தனை வேகன் என்று வரவு செலவுப் பேரேடு மாதிரி ஒவ்வொரு பொருளுக்கும் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு அமைச்சகம் வழியாகச் சுரங்க மேனேஜரிடம் ஒற்றை எண்ணாக வந்து சேரும். எண்ணைத் தொட்டால் போனஸ். தவறினால் திட்டு, மோசமான வருஷங்களில் சிறை.

மேனேஜர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இந்த வருஷம் இலக்கைவிட 20 சதவீதம் கூடுதலாக வெட்டிக் காட்டினால் அடுத்த வருஷ இலக்கு அந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே திறமையை ஒளித்து வைப்பார். உதிரிபாகம் எப்போது வரும் என்று தெரியாததால் கிடைக்கும்போது கிடங்கில் பதுக்குவார். ஊர் ஊராகப் போய், ஆள் பிடித்து, குழாயும் கம்பியும் வாங்கிவர ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார். ரஷ்யர்கள் அந்த ஆளை ‘தள்ளிவிடுபவர்’ என்று அர்த்தம் வரும்படி ‘தொல்காச்’ என்பார்கள். சட்டத்தில் அப்படியொரு வேலை கிடையாது. அவர் இல்லாமல் திட்டமும் கிடையாது.

எண்ணில் அளந்தால் எண்தான் வரும். தொங்கு விளக்குத் தொழிற்சாலைகளுக்கு டன் கணக்கில் இலக்கு வைத்ததால் விளக்குகள் வருஷா வருஷம் கனம் ஏறிக்கொண்டே போகின்றன, யாருக்காக இது என்று குருஷ்சேவே 1959இல் பகிரங்கமாகப் புலம்பினார்.

நம் டொன்பாஸ் சுரங்கத்தில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். 1935 ஆகஸ்ட் 30 இரவு அலெக்ஸேய் ஸ்டகானோவ் என்ற தொழிலாளி ஆறு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார். வழக்கமான அளவு 7 டன். நாடு முழுக்கக் கொண்டாடினார்கள். அந்த இரவில் நடந்ததைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், வழக்கமாக வெட்டுபவரே நின்று கூரைக்கு மரம் முட்டுக்கொடுக்கவும் வேண்டும். அன்று அந்த வேலையைச் செய்யத் தனியாக இரண்டு பேரைக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டகானோவ் இயந்திரத்தைக் கீழே வைக்காமல் வெட்டிக்கொண்டே போனார். வேலைப் பிரிவினை என்ற அளவில் நல்ல யோசனைதான். ஆனால் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் எல்லோருக்குமான அளவையும் உயர்த்திவிட்டார்கள். சக தொழிலாளர்கள் சில இடங்களில் சாதனைக்காரர்களை அடிக்கப் போனது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஜெர்மனியில் கோஸ்பிளான் மாதிரி ஒன்று இல்லை. முதலாளிக்கு ஆர்டர் வந்தது. பெரும்பாலும் லாபத்தோடு வந்தது. 1933 டிசம்பரில் ஐ.ஜி. ஃபார்பன் என்ற ரசாயனக் கம்பெனியோடு அரசு ஓர் ஒப்பந்தம் போட்டது: லொய்னா ஆலையில் நிலக்கரியிலிருந்து பெட்ரோல் தயாரியுங்கள், ஆகும் செலவோடு 5 சதவீத லாபம் நிச்சயம். உலகச் சந்தையில் பெட்ரோல் அதைவிட மலிவு என்பது பொருட்டே இல்லை. போருக்கு வெளிநாட்டு எண்ணெயை நம்ப முடியாது என்பதே கணக்கு. சந்தையில் ஓடாத சரக்குக்கு அரசே நிரந்தர வாடிக்கையாளர். எந்த முதலாளி வேண்டாம் என்பார்?

வேண்டாம் என்றவர்களும் உண்டு. சால்ஸ்கிட்டர் என்ற இடத்தில் கிடைத்த இரும்புத்தாது தரம் குறைந்தது. அதை உருக்குவது நஷ்டம் என்று ரூர் உருக்கு ஆலைக்காரர்கள் மறுத்தார்கள். போர்த் தயாரிப்புக்கான நான்காண்டுத் திட்டத்தின் பொறுப்பாளரான நாஜி அமைச்சர் கோரிங் 1937 ஜூலையில் தன் பெயரிலேயே ஓர் அரசு உருக்கு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலைக்காரர்கள் ஒன்றுகூடி எதிர்ப்பு மனு தயாரித்தபோது, இது நாசவேலை என்று மிரட்டல் தந்தி பறந்தது. மனு சுருண்டது. அந்த நிறுவனத்தின் பங்குகளைத் தனியார் ஆலைகளின் தலையிலேயே கட்டியும் விட்டார்கள்.

பிரிட்டனில் அரசும் வாரியமும் இலக்கு வைத்தன, கெஞ்சின, சுவரொட்டி ஒட்டின. 1947 பிப்ரவரியின் கடுங்குளிரில் நிலக்கரி போதாமல் ஆலைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். அமைச்சரைப் பத்திரிகைகள் பிய்த்து எடுத்தன, நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி குடைந்தது. மேனேஜர் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை.

படி 5: விலை

சந்தையில் விலை ஏறினால் சரக்கு குறைவு என்று பொருள். விலையை அரசே எழுதினால் அந்தச் செய்தி வேறு வழியில் வரும்: கியூ, தரக்குறைவு, கள்ளச்சந்தை. மூன்று பத்திகளிலும் இதைப் பார்க்கலாம்.

நாஜி அரசு 1936 நவம்பரில் விலைகளை அப்படியே உறைய வைத்தது. சோவியத்தில் ரொட்டி விலையை ரொம்பவும் மலிவாக வைத்ததால், நகரத்தார் கடையில் ரொட்டி வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டார்கள். தீவனம் அதைவிட விலை அதிகம். 1956இல் இதற்குத் தடையே போட வேண்டியிருந்தது. பிரிட்டனில் போர்க்காலத்தில்கூட ரேஷனில் வராத ரொட்டி, 1946 முதல் 1948 வரை ரேஷனில் வந்தது.

விலையை அரசு எழுதினால், விலையேற்றத்துக்குத் திட்டு வாங்குவதும் அரசுதான். சோவியத்தில் 1962 ஜூன் 1 அன்று இறைச்சி, வெண்ணெய் விலையை ஒரே நாளில் 25 முதல் 30 சதவீதம் வரை ஏற்றினார்கள். நோவோச்செர்காஸ்க் ரயில் எஞ்சின் ஆலையில் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கூலியைக் குறைத்திருந்தார்கள். கறி வாங்க முடியாவிட்டால் ஈரல் வைத்த பணியாரம் சாப்பிடுங்கள் என்று ஆலை இயக்குநர் சொன்னதாகச் செய்தி பரவியது, வேலைநிறுத்தம் ஊர்வலமாயிற்று. மறுநாள் துப்பாக்கிச் சூட்டில் 26 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஏழு பேருக்கு மரண தண்டனை. தொழிலாளரின் அரசு என்று சொல்லிக்கொண்ட நாட்டில் நடந்த இந்தச் சம்பவம், கால் நூற்றாண்டுக்கும் மேலாக வெளியே பேசப்படாமல் மூடிக் கிடந்தது.

படி 6: தொழிலாளி ‘முடியாது’ சொன்னால்?

பட்டாவை மட்டும் பார்த்தால் ஜெர்மனியும் சோவியத்தும் எதிர் எதிர் துருவங்கள். சுரங்கத்துக்குள் இறங்கித் தொழிலாளி பக்கத்தில் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வருவது தெரியும்.

1933 மே 1ஐ ஹிட்லர் அரசு சம்பளத்தோடு விடுமுறை நாளாக்கிப் பெரிய விழா எடுத்தது. மறுநாள் காலை தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் ஆட்கள் புகுந்தார்கள். சங்கங்கள் கலைந்தன, தலைவர்கள் கைது. அடுத்த ஆண்டுச் சட்டம், முதலாளியை ஆலையின் ‘தலைவர்’ என்றும் தொழிலாளரை அவருடைய ‘பின்தொடர்வோர்’ என்றும் எழுதியது. 1935இல் வேலைப் புத்தகம் வந்தது; தொழிலாளியின் வேலை விவரங்கள் பதிவான அந்தப் புத்தகம் இல்லாமல் வேறு வேலைக்குப் போக முடியாது. இத்தாலி இதற்கெல்லாம் முன்னோடி. அங்கே 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே வேலைநிறுத்தம் குற்றம். முதலாளியும் தொழிலாளியும் ஒரே அவையில் உட்கார்ந்து பேசும் ‘கார்ப்பரேட்டிவ்’ அமைப்பு என்று பெரிதாக விளம்பரம் செய்தார்கள். தொழிலாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவரை நியமித்தது கட்சி.

சோவியத்தில் சங்கங்கள் இருந்தன. ஆனால் சம்பளத்துக்காக எதிர்த்து நிற்கும் வேலை அவற்றுக்கு இல்லை. உற்பத்தியைப் பெருக்குவதும் விடுமுறை இல்லத்தில் இடம் ஒதுக்குவதும்தான் வேலை. 1939 முதல் இங்கேயும் வேலைப் புத்தகம். 1940 ஜூன் ஆணையின்படி அனுமதியில்லாமல் வேலையை விட்டு நிற்பது கிரிமினல் குற்றம். 20 நிமிஷத்துக்கு மேல் தாமதமாக வந்தாலே வழக்கு. இந்தச் சட்டம் 1956 வரை இருந்தது.

இப்போது பிரிட்டனுக்கு வாருங்கள். சுரங்கம் ‘மக்களுடையது’ ஆகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1947 ஆகஸ்டில் கிரைம்தோர்ப் சுரங்கத்தில் ஒவ்வொரு ஆளும் வெட்ட வேண்டிய நீளத்தை இரண்டு அடி கூட்டினார்கள். தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அவர்களுடைய சங்கத் தலைமையே திரும்பிப் போகச் சொன்னது, கேட்கவில்லை. பக்கத்துச் சுரங்கங்களுக்கும் பரவியது. யாரையும் சுடவில்லை, நாடு கடத்தவில்லை. வாரியம்தான் பின்வாங்கியது.

மூன்று பத்திகளையும் பிரிக்கும் கோடு இந்த இடத்தில்தான் அழுத்தமாக விழுகிறது என்பது என் கருத்து. சொத்துடைமையை மட்டும் வைத்துப் பிரித்தால் டொன்பாஸும் கிரைம்தோர்ப்பும் ஒரே கூட்டில் போய் விழும். இரண்டிலும் வேலை பார்த்தவர்கள் அதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

படி 7: நிலத்தையும் ஒருமுறை பாருங்கள்

சுரங்கத்தை விட்டு வயலுக்குப் போனால் வேறுபாடு இன்னும் கொடூரமாகத் தெரியும். நாஜி அரசு 1933இல் பரம்பரைப் பண்ணைச் சட்டம் கொண்டுவந்தது. நிலம் குடியானவருடையதே; ஆனால் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. படி 3இல் போட்ட நட்சத்திரக் குறியை இங்கேயும் போடலாம். பிரிட்டிஷ் தொழிற்கட்சி விவசாய நிலத்தைத் தொடவே இல்லை. சோவியத்தில் 1929இலிருந்து குடியானவரின் நிலத்தையும் மாட்டையும் கூட்டுப் பண்ணைக்கு வாங்கிக்கொண்டார்கள். விளைந்ததை அரசு கொள்முதலாக வாரிக்கொண்டு போனது. 1932-33இல் உக்ரைன், கஜகஸ்தான் முதலிய பகுதிகளில் பல லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தபோதும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. ஊரைவிட்டுப் போகவும் வழியில்லை. நகரத்தாரிடம் இருந்த உள்நாட்டு பாஸ்போர்ட், கூட்டுப் பண்ணைக்காரர் எல்லோருக்கும் உரிமையானது 1974ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகுதான்.

படி 8: பில்லை யார் கட்டினார்கள்?

‘ஹிட்லர் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழித்தார்’ என்று யாராவது சொன்னால் இந்தப் படிக்கு அழைத்துவாருங்கள். 1933 தொடக்கத்தில் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள், அந்த எண்ணிக்கை சட்டென்று குறைந்தது, உண்மை. 1935இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. யூதர்களை வேலையிலிருந்து விரட்டி, கணக்கிலிருந்தும் எடுத்தார்கள். ஆயுத உற்பத்திக்கு ‘மெஃபோ’ என்ற டம்மிக் கம்பெனியின் பெயரில் கடன் சீட்டுகள் எழுதிச் சுமார் 1,200 கோடி மார்க் கடனை மறைவாகத் திரட்டினார்கள். போர் வந்ததும் பில், பிடிபட்ட நாடுகளின் மேல் விழுந்தது. 1944இல் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் ஜெர்மனியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள், பெரும்பாலோர் கட்டாயத்தின் பேரில்.

உள்ளூர்த் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? வாரம் 5 மார்க் கட்டினால் 990 மார்க்கில் கார் என்று 1938இல் ஒரு சேமிப்புத் திட்டம். சுமார் 3,36,000 பேர் அட்டையில் வில்லை ஒட்டிக் கட்டினார்கள். ஒருவருக்கும் கார் வரவில்லை. தொழிற்சாலை ராணுவ வண்டிகளைச் செய்யப் போய்விட்டது. சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவைப்படாது.

படி 9: திருப்பிப் போட முடியுமா?

கடைசிக் கேள்வி. இந்த ஏற்பாடு வேண்டாம் என்று மக்கள் முடிவெடுத்தால்? பிரிட்டனில் 1951 தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது. புதிதாக வந்த கன்சர்வேட்டிவ் அரசு 1953இல் உருக்குத் தொழிலைத் தனியாருக்குத் திருப்பியது; நிலக்கரியையும் ரயிலையும் இலவச மருத்துவத்தையும் அப்படியே வைத்துக்கொண்டது. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அந்த முடிவைப் போர் எடுத்தது. சோவியத்தில் அமைப்பே 1991இல் கலைய வேண்டியிருந்தது.

இங்கே ஸ்வீடனைப் பற்றி ஒரு வார்த்தை. அதையும் சோசலிசப் பத்தியில் எழுதிவிடுவார்கள். அங்கே ஆலைகளும் கம்பெனிகளும் பெரும்பாலும் தனியாரிடமே இருந்தன, இருக்கின்றன. அதிக வரி, விரிந்த நலத்திட்டம், பலமான சங்கம். இதைச் சமூக ஜனநாயகம் என்று நான்காவது பத்தியாகப் போடுவதே சரி.

படி 10: இப்போது நம் பக்கம்

தாளைத் திருப்பி, ‘நெய்வேலி’ என்று எழுதுங்கள். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோசலிச மாதிரிச் சமுதாயம் நம் இலக்கு என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அரசு நிறுவனமாகப் பிறந்தது. அதே காலத்தில் மூன்று அரசு உருக்காலைகள் வந்தன: பிலாய்க்கு சோவியத் உதவி, துர்காபூருக்குப் பிரிட்டன், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனி. ஜம்ஷெட்பூரில் டாட்டா உருக்காலை தனியாராகவே தொடர்ந்தது. ஆனால் எவ்வளவு உற்பத்தி, எங்கே விரிவாக்கம் என்பதற்கு லைசென்ஸ் வேண்டும். படி 3க்குப் பட்டா கலவை. படி 4க்கு அரசின் கை ஓங்கியது. படி 6க்கு சங்கமும் வேலைநிறுத்தமும் உண்டு. படி 9க்குத் தேர்தல் உண்டு.

படி 9க்கு நெய்வேலியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2013இல் மத்திய அரசு நிறுவனத்தின் பங்குகளில் ஒரு பகுதியை விற்கப் புறப்பட்டது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், தமிழ்நாட்டுக் கட்சிகள் சேர்ந்துகொண்டன. கடைசியில் தனியாருக்குப் போகாமல் 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. இதே காட்சியை 1937இன் ரூரிலோ 1937இன் டொன்பாஸிலோ கற்பனை செய்து பாருங்கள்.

யாழ்ப்பாணப் பயிற்சி கொஞ்சம் கடினம். 1970 முதல் 1977 வரை பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, இடதுசாரிக் கட்சிகளின் கூட்டோடு, இறக்குமதிகளை இறுக்கியது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல விலை. கல்வீடு கட்டியவர்கள் உண்டு. அதே ஆட்சியில் அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை, சோதனைச் சாவடி. தேயிலைத் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1973-74இல் மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே பட்டினிச் சாவுகள். ஒரே ஆட்சி, ஒரே கொள்கை, இரண்டு தமிழ்ச் சமூகங்களுக்கு நேர் எதிரான அனுபவம். படி 9இல் தேர்தல் என்று எழுதலாம், 1977இல் அந்த அரசு படுதோல்வி அடைந்தது. ஆனால் மலையகத் தொழிலாளரில் பெரும்பாலோருக்கு அப்போது குடியுரிமையே இல்லை. வாக்கும் இல்லை. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

இதையும் முடித்துவிட்டால் யூகோஸ்லாவியாவை எடுத்துப் பாருங்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே ஆலை நிர்வாகத்தைத் தொழிலாளர் குழுக்களிடம் கொடுத்தது. ஆலைகள் சந்தையில் ஒன்றோடொன்று போட்டி போட்டன. ஆண்டது ஒரே கட்சி. எந்தப் பத்தியிலும் சரியாக உட்காராது.